மூன்று மில்லிமீட்டர்

இந்த வாரம் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன். தாய்மார்கள் உடனே அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒரு தாயின் சீட்டுப் பணமும் என்னுடைய தவறு ஒன்றும் இந்தக் கதைக்குள் இருக்கின்றன.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குக் கப்சாயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிராணியார் மட்டும் மோட்டாரில் போன காலம் ஒன்று இருந்தது. பிறகு பால் வெட்டுகிறவர் வீட்டு வாசலிலும் ஒரு சிறிய ஹோண்டா வந்து நின்றது. முன்னால் பிள்ளை, பின்னால் மனைவி, கைப்பிடியில் மீன் பை. என்னுடைய இ.எக்ஸ்.5, தனது 97 சி.சி.யோடு இன்றும் புந்தோங்கிலிருந்து ஈப்போ மார்க்கெட்டுக்கு முணுமுணுக்காமல் என்னைச் சுமந்து போகிறது. அது முணுமுணுத்தாலும் என் காதுக்குக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கப்சாய் வகை வண்டிகளைக் கொண்டே பந்தயம் நடத்தலாம் என்று நம் நாட்டில் 1994-ல் கப் பிரீ போட்டியைத் தொடங்கினார்கள். பணக்காரப் பிள்ளைகளின் கார் பந்தயத்தைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்த பையன்களுக்கு அது பெரிய வாசலைத் திறந்துவிட்டது. நம் பேராக்கில் பேராக் ஆற்றை ஒட்டிய கம்போங் காஜாவில் அதற்கு ஒரு சர்க்கியூட்டும் உண்டு. பெயர் டத்தோ சாகோர். பர்ச் துரை பாசீர் சாலாக்கில் கொல்லப்பட்ட வழக்கில் 1877-ல் தூக்கிலிடப்பட்டவரின் பெயர்தான் அது. அதே கம்போங் காஜாவில் பிறந்த கைருல் இட்ஹாம் பவி, 2016-ல் அர்ஜென்டினாவில் மழையில் நனைந்த ஓடுபாதையில் இரண்டாவதாக வந்தவரை 26 விநாடி பின்னால் விட்டு வென்றார். உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீயில் வெற்றி பெற்ற முதல் மலேசியர் அவர். அப்போது அவருக்கு வயது 17.

அந்த ஆண்டுகளில் என் அக்காள் மகனுக்கும் இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. பகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சாயங்காலம் பத்து காஜா சாலையில் ஒரு பட்டறை. ஞாயிற்றுக்கிழமை எங்கே சிறிய போட்டி நடந்தாலும் வண்டியை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். பரிசுப் பணம் பெட்ரோலுக்குக் கூடப் போதாது. அவன் ஓட்டியது யமஹா 135 எல்.சி. 2006-ல் நம் நாட்டுக்கு வந்த வண்டி. தண்ணீரால் குளிரும் எஞ்சின் கப்சாய்க்குள் வந்ததே அன்று அதிசயமாக இருந்தது.

பிறகு 2015-ல் அதே கம்பெனியின் ஒய்.15 வந்தது, 150 சி.சி. சில ஆண்டுகளில் கப் பிரீயில் 130 பிரிவு போய் 150 பிரிவு வந்தது. ஆலமரத்தில் காற்றடித்தால் கீழே கிடக்கும் சருகும் பறக்கத்தானே செய்யும்? என் மருமகன் ஓட்டிய சிறிய போட்டிகளிலும் "இனி 150" என்றார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குச் சொல்லுகிறேன். எனக்கே இது பட்டறையில் சொல்லிக்கொடுத்த பிறகுதான் விளங்கியது. 135-ன் சிலிண்டர் அகலம் 54 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 58.7 மில்லிமீட்டர். ஒய்.15-க்கு அகலம் 57, தூரம் அதே 58.7. மூன்றே மில்லிமீட்டர் அகலம் கூட்டினார்கள், 134 சி.சி. 150 ஆயிற்று. 2021 இறுதியில் வந்த ஒய்.16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 58, தூரம் மறுபடியும் அதே 58.7. ஒரு மில்லிமீட்டருக்கு 155 சி.சி.! நம் வீட்டு இடியாப்ப உரலில் அச்சை மாற்றுவதுபோல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மாற்றம் அகலத்தோடு நிற்கவில்லை. 135-ல் கார்புரேட்டர் இருந்தது. ஒய்.15-ல் பெட்ரோலைக் கணக்குப் பார்த்துத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அளவு கூடியது நூற்றுக்குப் பதினொரு பங்குதான். சக்தியோ அதைவிட அதிகமாகக் கூடி, 8,500 சுற்றில் 15 குதிரைக்குச் சற்று மேலே நின்றது.

இந்தச் செய்தி வந்த அன்று பட்டறையில் நான் இருந்தேன். என் வண்டிக்கு எண்ணெய் மாற்றப் போயிருந்தேன். மூன்று பையன்கள், மூன்று முகம்.

ஒருவன் அந்த ஆண்டுதான் ஓட்டத் தொடங்கியவன். அவனுக்கு ஒரே கொண்டாட்டம். "அங்கிள், எல்லாருக்கும் புது எஞ்சின். பழைய ஆளுங்களும் இனிமே என்னோட ஒண்ணாம் வகுப்புலதான் உட்காரணும்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய எஞ்சினின் இரகசியம் தெரிந்தவர்களே வருடக்கணக்கில் முன்னால் போய்க்கொண்டிருந்தால் புதிதாக வருகிறவன் எப்போதுதான் ஜெயிப்பது?

இரண்டாமவன் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். "57 பிளாக்கை வாங்கி 135-ல மாட்டிட்டா அதுவும் 150 தானே?" என்று கேட்டான். மாட்டியும் பார்த்தான். அளவு 150 ஆயிற்று, எஞ்சின் ஒய்.15 ஆகவில்லை. ஹெட் பழையது, கார்புரேட்டர் பழையது. மூன்றாவது ஞாயிறு பிஸ்டன் உடைந்து, அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

மூன்றாமவன் என் மருமகன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் கழித்து, "மாமா, நாலு வருஷம் காதால கேட்டுப் படிச்ச பாடம்" என்றான். உண்மைதான். அவனுக்குக் கார்புரேட்டர் ஜெட்டை மாற்ற மீட்டர் வேண்டாம். மழை வரும் காற்றா, வெயில் காற்றா என்று பார்ப்பான். சைலன்சர் சத்தத்தைக் கேட்பான். திருகாணியைக் கால் சுற்று திருப்புவான். புதிய எஞ்சினிலோ மடிக்கணினியைச் செருகி எண்ணை மாற்ற வேண்டும். காதுக்கு வேலை குறைந்துவிட்டது.

இது அவனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ஓடிய நாளில் அரத்தை வைத்துப் போர்ட்டைத் தேய்த்தே வேகம் கூட்டிய கைகாரர்கள் இருந்தார்கள். கப் பிரீ ஃபோர் ஸ்ட்ரோக்கிற்கு மாறியதும் அந்த அரம் பெட்டிக்குள் போய்விட்டது. உலகப் பந்தயத்திலும் அதே கதைதான். 2002-ல் 500 சி.சி. டூ ஸ்ட்ரோக்கிற்குப் பக்கத்திலேயே 990 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக்கை ஓட விட்டார்கள். அந்த ஆண்டே ரோசி ஹோண்டா 990-ல் ஏறிப் பட்டத்தை வாங்கிவிட்டார்.

போட்டி நடத்துகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பழைய வண்டிக்கே எத்தனை நாள் பந்தயம் வைப்பது? தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் கரிவரதன் என்பவர் 1980-களின் இறுதியில் மாருதி 800 காரின் எஞ்சினைப் போட்டு ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரைக் கட்டினார். எல்லோருக்கும் ஒரே எஞ்சின், அதுவும் எந்த ஊர் பட்டறையிலும் கிடைக்கிற எஞ்சின். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை போன நாராயண் கார்த்திகேயனும் அந்தக் காரை ஓட்டியவர்தான். அங்கும் காலம் மாறியது. இன்று ஃபார்முலா எல்.ஜி.பி. பந்தயத்தில் ஸ்விஃப்ட் காரின் 1300 சி.சி. எஞ்சின் ஓடுகிறது. மாறத்தான் வேண்டும். சம்பளத்தை எண்ணி எண்ணிப் பந்தயம் விடுகிறவனுக்கு ஒரு முழு சீசனாவது அவகாசம் கொடுத்து, பழையதும் புதியதும் சேர்ந்தே ஓட விடலாம் என்பது மட்டுமே என் கட்சி. பட்டறையில் இதைச் சொன்னபோது புதுப் பையன், "அப்போ யார் ஜெயிச்சான்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

வகுப்பு மாறிய செய்தியைக் கேட்டு என் அக்காள் முருகனுக்கு விளக்கேற்றினார். சனியன் விட்டது, இனி பிள்ளை வீட்டில் இருப்பான் என்ற நிம்மதி. ஒரு மாதம் கழித்து அவன் அம்மாவின் சீட்டுப் பணத்தைக் கேட்டான். ஒரு 150 வாங்கி ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கிறேன், அதற்குள் மேலே வராவிட்டால் விட்டுவிடுகிறேன் என்றான். அக்காள் என்னிடம் வந்தார். "தம்பி, நீ சொல்றபடி செய்யறேன்."

நான் வேண்டாம் என்றேன். நல்லதுதான் சொல்லுகிறோம் என்று நினைத்தேன். தங்கச்சி கல்யாணத்துக்கு ஆகும் பணம் அல்லவா?

ஒன்றை நான் யோசிக்கவில்லை. போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தவரை அவன் சாலையில் ஓர் இரவுகூட வேகம் காட்டியதில்லை. "ரோட்டுல ஓட்டுறவன் ரெம்பிட், நான் ரேசர்" என்பான். ஹெல்மெட்டை மாட்டாமல் பக்கத்துக் கடைக்குக் கூடப் போகமாட்டான். போட்டி இல்லை என்றான பின், சும்மா கிடந்த அந்த 135-ஐத் தோண்டி 57 பிளாக்கைப் போட்டான். சாலை வண்டியின் சி.சி.யைச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியில்லாமல் கூட்டுவது சட்டப்படி குற்றம் என்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எஞ்சின் பெரிதானாலும் பிரேக்கும் சட்டமும் பழையவைதான் என்பதும் தெரியும். கோப்பேங் சாலையில் ஒரு சனிக்கிழமை இரவு, மழை விட்ட நேரம். வலது காலில் இரும்புக் கம்பி வைத்தார்கள். ஏழு மாதம் தாங்குகட்டையோடு நடந்தான். சீட்டுப் பணம் கரைந்தது ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த செலவிலும், சம்பளமில்லாத மாதங்களிலும்.

அக்காள் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மருமகனும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

இப்போது அவன் நன்றாக இருக்கிறான். கால் மட்டும் மழைக்காலத்தில் குடைகிறதாம். அதே பட்டறையில் சாயங்காலங்களில் மற்ற பையன்களின் 150-க்கு மடிக்கணினியை வைத்து வேலை செய்கிறான். யாரிடமும் போகாமல், தானே கற்றுக்கொண்டது. எண்ணை மாற்றிய பிறகும் ஒரு தரம் சைலன்சர் பக்கம் குனிந்து காது கொடுத்துக் கேட்கிறான். அந்தப் பழைய 135 எஞ்சினை அவன் விற்கவில்லை. கைலியில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறான். அக்காள் அதன்மேல் அரிசி மூட்டையை வைத்திருக்கிறார்.

போன மாதம் எங்கள் தாமானில் இருக்கும் ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். கணவர் இல்லை, பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் வேலை. மகனுக்கு இருக்கும் 150-க்கே இன்னும் தவணை கட்டி முடியவில்லையாம். இப்போது 155 வேண்டும் என்கிறானாம். கூட ஓட்டுகிற பையன்கள் எல்லாரும் மாறிவிட்டார்களாம். "நீங்க பத்திரிகையில எல்லாம் எழுதறவங்க, ஒரு புத்தி சொல்லுங்க" என்றார்.

நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்கிக்கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மருமகன் கையைத் துடைத்துக்கொண்டு, உட்கார நாற்காலி போட்டு, எல்லாவற்றையும் கேட்டான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"அம்மா, அவன் ஓட்டப்போறது சர்க்கியூட்டிலயா, ரோட்டிலயா?"

அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனார். இன்னும் வரவில்லை.