பூட்டிய குளிர் அறையும் ரோட்டோரத் தக்காளியும்

போன ஆவணியில் ஒரு விடிகாலை. அண்ணனும் நானும் நாற்பது பெட்டி தக்காளியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனோம். முதல் நாள் சாயங்காலம் பறித்த செங்காய். வரத்து அதிகம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். 14 கிலோ பெட்டி ஐம்பது ரூபாய்க்கு மேல் ஏறவில்லை. பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போனால் கைக்காசைத்தான் போட வேண்டும்.

"இன்னைக்கு விக்க வேணாம்ணே. நாலு நாள் வச்சுப் பாப்போம்" என்றேன்.

"எங்கடா வைக்கிறது?" என்றார் அண்ணன்.

வைக்க இடம் இருந்தது. ஏலக்கூடத்திலிருந்து நூறு அடி தூரத்தில், அரசுப் பணத்தில் கட்டிய குளிர்பதன அறை. கதவில் துருப்பிடித்த பூட்டு, படியில் காய்ந்த வெங்காயச் சருகு. "கட்டினதோட சரி தம்பி. மோட்டார் ரிப்பேராகி ரெண்டு வருஷமாச்சு. கரண்ட் பில்லை யார் கட்டுறதுன்னு இன்னும் முடிவாகல" என்றார் வாட்ச்மேன். பாதிப் பெட்டிகளைக் கேட்ட விலைக்குத் தள்ளினோம். மீதியை யாரும் கேட்கவே இல்லை. திரும்பும் வழியில் குளத்துமேட்டில் கொட்டினோம். அண்ணன் வண்டியை விட்டு இறங்கவில்லை.

ஒட்டன்சத்திரத்திலும் பாலக்கோட்டிலும் வரத்து கூடும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது. ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசே விற்றது. செப்டம்பருக்குள் விலை சரிந்து விவசாயி கொட்டிக்கொண்டிருந்தார். குளிர் அறை இருந்திருந்தால் ஜூலை விலை செப்டம்பரில் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. தக்காளி அத்தனை நாள் தாங்காது. ஆனால் செங்காயை ஒரு வாரம், பத்து நாள் வைத்திருக்கலாம். அந்தப் பத்து நாள்தான் எங்களிடம் இல்லாதது. அது இருந்தால், கேட்ட விலைக்குக் கொடுக்க மாட்டேன் என்று ஒரு விவசாயி வாய் திறந்து சொல்ல முடியும்.

எது குறைகிறது என்பது அரசுக்குத் தெரியாததல்ல. தேசிய குளிர்பதனச் சங்கிலி மேம்பாட்டு மையத்துக்காக 2015இல் நடந்த ஆய்வு பெரிய கிடங்குகளின் கொள்ளளவில் பற்றாக்குறை பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்றது. ஆனால் விளையும் இடத்திலேயே காயைத் தரம் பிரித்து, வயல் சூட்டைத் தணித்து அனுப்பும் பேக் ஹவுஸ் 70,080 வேண்டிய நாட்டில் இருந்தவை 249. குளிரூட்டிய வண்டிகள் 61,826 தேவை, இருந்தவை பத்தாயிரத்துக்கும் குறைவு. கிடங்கு இருக்கிறது, அதுவரை காய் போய்ச் சேரத்தான் வழியில்லை. அந்தக் கிடங்குகளிலும் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்கானது. உருளைக்கிழங்கை வைக்கும் 3, 4 டிகிரியில் செங்காயை வைத்தால் அது ஒழுங்காகப் பழுக்காது. தோல் குழிவிழுந்து அழுகிவிடும். அதற்கு 12, 13 டிகிரி வேண்டும், காற்றில் நல்ல ஈரமும் வேண்டும். எங்கள் மார்க்கெட் அறையைக் கட்டியபோது எந்தக் காய்க்கு என்று யாராவது கேட்டார்களா?

இப்போது வந்திருக்கும் தொழில்நுட்பம் எங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்தது போலிருக்கிறது. கன்டெய்னர் அளவில் ஐந்து டன் பிடிக்கும் சோலார் குளிர் அறை. கூரையில் சூரியத் தகடு. பகலில் கிடைக்கும் மின்சாரத்தில் உள்ளே ஒரு திரவத்தை உறைய வைத்துக்கொள்ளும். இரவில் அது மெல்ல உருகி அறையைக் குளிராக வைத்திருக்கும். கரண்ட் பில் என்ற சாக்குக்கே இடமில்லை. உள்ளே எத்தனை டிகிரி என்பதைச் செல்போனில் பார்க்கலாம். லாரியில் ஒரு சின்னக் கருவியை வைத்தால் வழியில் டிரைவர் குளிரை நிறுத்தினாரா என்பதும் பதிவாகிவிடும். நைஜீரியாவில் ஒரு வேளாண் வானொலிக்காரர் தொடங்கிய கோல்டுஹப்ஸ், சோலார் குளிர் அறைகளைச் சந்தைகளிலேயே நிறுத்தி, ஒரு கூடைக்கு ஒருநாள் வாடகை என்று வாங்குகிறது. விவசாயி முதல் போட வேண்டாம், கூடையைக் கொண்டுபோய் வைத்தால் போதும்.

மானியம் இங்கேயும் உண்டு. தோட்டக்கலைத் திட்டத்தில் குளிர்பதன அறைக்கு 35 சதவீதம், 2020இல் வந்த வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் இரண்டு கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. எல்லாம் கட்டுவதற்கு. கட்டிய பின் ஓட்டுவதற்கும் ரிப்பேர் பார்ப்பதற்கும் யார் பொறுப்பு என்ற இடத்தில்தான் பூட்டு விழுகிறது.

அதனால் நாங்கள் புதுக் கட்டிடம் கேட்கவில்லை. பூட்டிக் கிடப்பதை முதலில் ரிப்பேர் செய்யுங்கள். ஒரு அறையையாவது தக்காளிக்கு ஏற்ற குளிரில் வையுங்கள். பெட்டிக்கு ஒருநாள் இத்தனை ரூபாய் என்று வாசலில் எழுதிப் போடுங்கள், கொடுக்கிறோம். சாவியை உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திடம் கொடுத்து, வருகிற வாடகையில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். மார்க்கெட்டுக்குத் தூரமாக இருக்கும் ஊர்களில் சோலார் அறையை நிறுத்துங்கள், பறித்த சில மணி நேரத்திலேயே காயின் சூடு தணியட்டும்.

குறைதீர் கூட்டத்தில் இதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது இருக்கிறது. அண்ணன் இந்தப் பட்டத்துக்கும் ஒன்றரை ஏக்கர் தக்காளிதான் நட்டிருக்கிறார். செடி பூவெடுத்துவிட்டது. முதல் பறிப்புக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது, ஒரு மோட்டாரை ரிப்பேர் பார்க்க அது தாராளமாகப் போதும்.