திருத்தம் வந்தது; கைபேசிக்கு வரவில்லை

மூணாறு எஸ்டேட் லயத்தில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்கிறது. ஆபீஸ் பதிவேட்டில் 'காலி' என்று எழுதி, வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பழைய சாவியைத் திரும்ப வாங்க மட்டும் மறந்துவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குறையும் இத்தகையதே. திரையில் படம் காட்டும் 'மாலி' சில்லை இயக்கும் டிரைவர் நிரல், கைபேசியின் ஆணிவேரான கர்னலில் இருந்துகொண்டு நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது. பின் திரும்பப் பெறுகிறது. திரும்பப் பெற்ற இடத்தின் பழைய சாவி ஏதோ ஒரு செயலியிடம் தங்கிவிட்டால், கைபேசி முழுவதுமே அதன் வசமாகலாம்.

2022 ஜூன், ஜூலை மாதங்களில் கூகுளின் 'புராஜெக்ட் ஜீரோ' குழுவினர் இந்த டிரைவரில் ஐந்து குறைகளைக் கண்டு, சில்லை வடிவமைக்கும் ஆர்ம் கம்பெனிக்குத் தெரிவித்தனர். ஆர்ம் தாமதிக்கவில்லை, ஆகஸ்டுக்குள் திருத்தி வெளியிட்டது. ஆனால் நவம்பரில் அக்குழுவினர் சோதித்த மாலி கைபேசிகளில் ஒன்றுக்குக்கூடத் திருத்தம் வந்து சேரவில்லை. கூகுளின் சொந்தக் கைபேசியும் அதில் அடக்கம் என்பதுதான் வேடிக்கை! 2023 அக்டோபரில் அதே டிரைவரில் இன்னொரு குறை வெளியாயிற்று. அது சிலரைக் குறிவைத்து ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஆர்ம் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

தேயிலை பறிப்பவரையோ சித்தூர் குமாஸ்தாவையோ தேடி வந்த தாக்குதல் அன்று அது. ஆயினும், மீடியாடெக் சில்லு கொண்ட மலிவுக் கைபேசிகள் பலவற்றில் இருப்பது மாலிதான். வீட்டுக்குப் பணம் அனுப்புவதும் வங்கியின் ஓ.டி.பி. வருவதும் அதில்தான். திருத்தம் வெளிவந்ததும் குறையின் விவரமும் ஊரறிந்ததாகிவிடுகிறது. திருத்தம் சேராத கைபேசிக்கு ஆபத்து அதன்பிறகே அதிகம்.

பாதுகாப்புத் திருத்தம் எதுவரை வரும் என்பதைத் தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டும் என்ற பிரிட்டனின் சட்டம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இங்கும் பெட்டியின் மேல், விலைக்குப் பக்கத்திலேயே அந்த ஆண்டை அச்சிட வைக்க மத்திய அரசு தயங்கலாகாது. கேரளத் தமிழர் அரசுடன் தமிழிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்தது. அப்படியிருக்க, இத்தகைய எச்சரிக்கைகளைத் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் அக்ஷயா மையங்களில் தமிழில் ஒட்டுவதற்கு என்ன தடை?

அதுவரை, கைபேசியின் 'செட்டிங்ஸ்' பகுதியில் பாதுகாப்புப் புதுப்பிப்புத் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. அது ஓராண்டுக்கு முந்தையதாக இருந்தால், வங்கிக் கணக்கை அக்கைபேசியில் வைத்திருப்பது பற்றி யோசிக்க வேண்டியதுதான்.