சாத்தம் தீவின் தவறிய கடிகாரம்

ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் புழங்கும் ஒரு தொடர் உண்டு: 'ரிசல்ட் வரவில்லை.' குறைகடத்தித் தகட்டில் மின்னோட்டம் அளப்பவர் இதைச் சொல்கிறார். இழையையும் பிசினையும் சேர்த்துக் கூட்டுப்பொருள் வார்த்து முறித்துப் பார்ப்பவர் சொல்கிறார். செல் வளர்ப்பவரும் சொல்கிறார். இத்தொடரின் பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அளவீடு நடந்திருக்கிறது, கருவி ஓர் எண்ணைக் காட்டியிருக்கிறது. ஆகவே முடிவு வந்துவிட்டது. வராதது எதிர்பார்த்த முடிவு மட்டுமே. எதிர்பார்த்ததற்கே 'முடிவு' என்று பெயர், மற்றதெல்லாம் குப்பைக்கூடைக்கு என்னும் மனப்பழக்கம் இந்த இரண்டு சொற்களுக்குள் குடியிருக்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு மறுப்பாக நிற்கும் ஒரு நிகழ்வு அந்தமானின் சாத்தம் தீவில் உண்டு. போர்ட் பிளேர் நகரோடு பாலத்தால் இணைந்த சிறு தீவு அது. (நகருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர்.) 1883-இல் தொடங்கிய மரஅறுவை ஆலைக்காகவே பலர் அத்தீவை அறிவார்கள். அறிவியலாளர் அறிந்தது வேறொன்று: கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை இடைவிடாது பதியும் ஓதமானி. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் புவியோடு பிளந்தபோது, அந்த ஓதமானி ஆழிப்பேரலையைப் பதிந்தது; தான் நின்ற நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்ததையும் பதிந்தது. பிளவு வடக்கே எவ்வளவு விரைவாகச் சென்றது, எங்கே மெதுவாக நழுவியது என்று அறிய அப்பதிவு விலைமதிப்பற்ற சான்று.

ஆனால் கருவியின் கடிகாரம் தவறியிருந்தது. சில நொடிகள் அல்ல, அரை மணி நேரத்துக்கும் மேல். அமிழ்வு எப்போது தொடங்கியது என்பதே கேள்வியாக இருக்கும் இடத்தில் இது சிறு பிழை அன்று. எனினும் அப்பிழை பிடிபட்டது. நிலவும் கதிரவனும் இழுப்பதால் எழும் ஓதம் தானே ஒரு கடிகாரம்; அதன் ஏற்ற இறக்க நேரத்தைக் கணித்துவிடலாம்; கணிப்போடு பதிவை ஒப்பிட்டால் கருவியின் கடிகாரம் எவ்வளவு விலகியது என்பது வெளிப்பட்டுவிடும். இந்திய, மெக்சிக அறிஞர்கள் சேர்ந்து 2006-இல் ஜியோபிசிக்கல் ரிசர்ச் லெட்டர்ஸ் இதழில் நேரத்தைத் திருத்தி, போர்ட் பிளேருக்கு அடியில் நிகழ்ந்த மெதுவான நழுவலை விளக்கினர். திருத்த முடிந்ததற்குக் காரணம் ஒன்றே: மூலப்பதிவு அழியாமல் இருந்தது. கடிகாரம் பொய் சொன்னது. பதிவு பொய் சொல்லவில்லை.

அதே கடற்பரப்பு இன்னும் பழைய சான்றொன்றையும் தருகிறது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபாருக்கு அருகே நிலம் நடுங்கியபோது எழுந்த அலையைச் சென்னை, நாகப்பட்டினம், போர்ட் பிளேர் உள்ளிட்ட வங்கக் கடலோர ஓதமானிகள் பதிந்தன. அவற்றைப் பேணியவர்களுக்குத் தட்டுப் புவியியல் என்ற கோட்பாடே தெரியாது. ஆயினும் 122 ஆண்டுகள் கழித்து, 2003-இல், அந்தப் பதிவுகளிலிருந்தே அந்நடுக்கத்தின் அளவு 7.9 என்று கணிக்கப்பட்டது. எதற்குப் பயன்படும் என்று தெரியாமலே காத்துவைத்த எண்களின் மதிப்பு அது.

இதற்கு நேர்மாறான காட்சி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அரங்கேறியது. யான் ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளம் இயற்பியலாளர் கரிமக் குறைகடத்திகளில் அதிசயங்களை அறிவித்தார். 2001-இல் சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு கட்டுரை அவர் பெயரில் வந்தது. வெவ்வேறு கருவிகளின் வரைபடங்களில் ஒரே இரைச்சல், புள்ளிக்குப் புள்ளி மாறாமல் இருந்ததைப் பிறர் கண்டனர். 2002-இல் விசாரணைக் குழு மூலத்தரவைக் கேட்டது. முறையான குறிப்பேடு இல்லை, கணினியில் இடம் போதாமல் கோப்புகளை அழித்துவிட்டதாக விடை வந்தது, மாதிரிகள் கெட்டுப்போயிருந்தன. ஆராயப்பட்ட 24 குற்றச்சாட்டுகளில் 16 நிறுவப்பட்டன. ஜப்பானில் 2014-இல் நேச்சர் இதழில் வந்து அதே ஆண்டு திரும்பப் பெறப்பட்ட ஸ்டாப் செல் ஆய்விலும் கதை இதுவே: மூன்றாண்டு உழைப்புக்குச் சான்றாக விசாரணைக் குழுவிடம் வந்தவை இரண்டு குறிப்பேடுகள்.

செல் உயிரியலிலும் சாத்தம் போன்ற நேர்மையான பிழை உண்டு. வெவ்வேறு திசுக்களிலிருந்து வந்தவை என்று நம்பப்பட்ட 18 செல் வரிசைகளில் ஹீலா செல்களுக்குரிய அடையாளமே இருப்பதை 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் காட்டினார். அரங்கு மகிழவில்லை. எவரும் ஏமாற்றவில்லை; குடுவையின் பெயர்ச்சீட்டு, கடிகாரத்தைப் போலவே, தவறியிருந்தது. உறைநிலையில் செல்கள் காக்கப்பட்டிருந்ததால்தான் மறுசோதனை இயன்றது.

ஆகவே பிரிக்க வேண்டியவை இரண்டு: திருத்தக்கூடிய பிழை, திருத்த வழியில்லாத பொய். இந்தியப் பல்கலைக்கழகங்களின் அளவுகோல்கள் இவ்விரண்டையும் பிரித்தறிகின்றனவா? 2018-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறை, ஆய்வேட்டின் சொல்லொப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றது. நல்ல விதிதான். ஆனால் சொற்களைத் துருவும் மென்பொருள் எண்களைத் துருவுவதில்லை. அதன் முன்னே ஷோனின் வரைபடங்கள் எந்தத் தடையுமின்றிக் கடந்திருக்கும். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 ஒழுங்குமுறை நீக்கியது. ஆனாலும் பல துறைகளில் எண்ணிக்கையின் ஆட்சி நீடிக்கிறது. 2025-இல் தேசிய நிறுவனத் தரவரிசை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு எதிர்மதிப்பெண் என்று அறிவித்தது.

கைதட்டலைப் பெறும் அறிவிப்பு இது. ஆபத்தும் இதற்குள்தான். கட்டுரை ஆலைகள் பெருகிவிட்டன, தண்டனை இல்லாமல் திருந்தமாட்டார்கள் என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் காரணம் பாராமல் எண்ணிக்கைக்குத் தண்டனை விதித்தால் முதலில் அடிபடுபவர் யார்? தன் கடிகாரம் தவறியதைத் தானே கண்டு, தானே இதழுக்கு எழுதித் திருத்தம் கேட்பவர். பொய்யர் ஒருபோதும் தாமாகத் திரும்பப் பெறுவதில்லை. ஒப்புக்கொள்பவனுக்கு அபராதமும் மறைப்பவனுக்கு மதிப்பெண்ணும் தரும் நீதிமன்றத்தில் எவர் உண்மை பேசுவார்? நாளை ஓர் ஆய்வு மாணவர் பிழையொன்றைக் கண்டு நெறியாளரிடம் சென்றால், 'நிறுவனத்தின் தரவரிசை போய்விடும், பேசாமல் இரு' என்பதே அறிவுரையாகும்.

வேறு வழி இருக்கிறது என்பதைக் கூட்டுப்பொருள் துறை செய்தே காட்டியது. பிரிட்டனில் ஹின்டன், கடூர், சோடன் ஆகியோர் நடத்திய உலகளாவிய முறிவுப் பயிற்சியில், கூட்டுப்பொருள் எப்போது முறியும் என்று கூறும் கோட்பாட்டாளர்கள் சோதனை முடிவுகளைப் பாராமல் தம் கணிப்பை முதலில் ஒப்படைத்தனர். பிறகே முடிவுகள் திறக்கப்பட்டன. 19 கோட்பாடுகள், 14 சோதனைகள். பல கணிப்புகள் வெகுவாக விலகின. எவரும் வெட்கி மறையவில்லை. எந்தக் கோட்பாட்டை எவ்வளவு நம்பலாம் என்ற தெளிவு வடிவமைப்பாளர்களுக்குக் கிடைத்தது. தோற்ற கணிப்பும் அங்கே ஒரு முடிவாக மதிக்கப்பட்டது.

பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்கவை அரியவை அல்ல. வாய்மொழித் தேர்வின் மேசைமீது ஆய்வேட்டோடு குறிப்பேடும் மூலக்கோப்புகளும் இருக்கட்டும். தேர்வாளர் ஏதேனும் ஒரு வரைபடத்தைச் சுட்டி, 'இதன் எண்கள் எங்கே?' என்று கேட்கட்டும். ஆய்வேட்டைச் சோத்கங்காவில் ஏற்றுவதுபோல் தரவையும் ஏற்றட்டும். திரும்பப் பெற்ற கட்டுரையை எண்ணுமுன் அதன் காரணத்தைப் படிக்கட்டும். நேர்மையாகத் திருத்தியவருக்குத் தண்டனை வேண்டாம். எதிர்பார்ப்புக்கு மாறாக வந்த அளவீடுகளுக்கு ஆய்வேட்டில் ஓர் இயல் இருக்கட்டும், அதற்கும் மதிப்பு இருக்கட்டும்.

செலவாகும் என்பார்கள். ஓதமானியின் சுருளை 1881-இல் காத்தவர்களிடம் வன்தட்டு இல்லை. பிறர் திருடிவிடுவார்கள் என்பார்கள். பட்டம் பெறும் நாள்வரை பூட்டி வைக்கலாம், அழிக்க வேண்டியதில்லை.

கலிப்பாவில் தரவு முதலில் வரும். தாழிசை அதன்பின் எழும். தரவில்லாமல் தாழிசை பாடிய கட்டுரைகளால் இதழ்கள் நிரம்பிக் கிடக்கின்றன. சாத்தத்தின் கருவி நேரத்தைத் தவறாகச் சொன்னது. ஆனால் கடல் செய்ததைச் செய்தபடி எழுதி வைத்தது. அந்த நேர்மையைப் பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திடமும் கேட்பது பேராசை ஆகாது. 'ரிசல்ட் வரவில்லை' என்று அடுத்த முறை எவரேனும் சொல்லும்போது, வந்தது என்ன என்று அருகிலிருப்பவர் கேட்கட்டும்.