சம்பளம் வாங்காத கார்டு

ஆசிரியருக்கு,

பழைய ரயில்களைப் பாதுகாப்பது அரசால் மட்டுமே ஆகிற காரியம் என்கிறது உங்கள் கட்டுரை. சிகாகோ பக்கம் யூனியன் என்ற சிற்றூரில் உள்ள இல்லினாய் ரயில்வே அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1953இல் காயலான் கடைக்குப் போகவிருந்த மின்சார ரயில் பெட்டி ஒன்றை, பத்துப் பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு வாங்கியதில் தொடங்கியது அது. 1936இல் கட்டிய எவர்சில்வர் 'செஃபிர்' ரயில் இன்றும் அங்கே இருக்கிறது. ஓட்டுநர், கார்டு, ஃபிட்டர் எல்லாருமே தன்னார்வலர்கள். கருப்புக் கோட்டும் தொப்பியுமாக டிக்கெட்டில் ஓட்டை போட்டவரின் நகக்கண்ணில் கிரீஸ்! காலையில் அவர்தானாம் அச்சுக்கு எண்ணெய் விட்டது. பெரம்பூரில் ஓய்வுபெற்ற ஃபிட்டர்களுக்கா பஞ்சம்? அங்குள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையின் (ஐ.சி.எஃப்.) அருங்காட்சியகம் வாரக் கடைசியில் அவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

- ஒரு வாசகர், வில்லிவாக்கம்