லைசென்ஸ் இலவசம், கம்ப்யூட்டர் யார் தருவது?

"இந்த கம்ப்யூட்டர் இனிமே தேறாது சார். புதுசா வாங்கிடுங்க!"

ரிச்சி தெருவுக்குப் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இப்படித்தான் பதில் கிடைக்கிறது. பெட்டிக்கு என்ன நோய்? ஒன்றுமே இல்லை. திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் டி.டி.பி. கடைக்காரருக்கு அதுதான் சோறு போடுகிறது.

2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்தியது மைக்ரோசாப்ட் கம்பெனி. அந்த லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் 11 இலவசமாம். கேட்க இனிக்கிறது! ஆனால் 11 எல்லா கம்ப்யூட்டரிலும் ஏறாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பிராசசரும் கம்பெனியின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 2017-ல் வந்த எட்டாம் தலைமுறை முதல்தான் செல்லும். 2016-ல் பணத்தை எண்ணி வைத்து வாங்கியவர் கதி?

சரி, புதுப் பெட்டிக்குப் பழைய லைசென்சையாவது மாற்றலாமா? கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓ.இ.எம். லைசென்ஸ் என்றால் அதுவும் கிடையாது. பெட்டி போனால் அதுவும் போச்சு! தனியாகக் கடையில் வாங்கிய லைசென்சைத்தான் மாற்ற முடியும். பில் போடும்போது இதைச் சொல்லும் கடை எத்தனை?

திருத்தம் வராத கம்ப்யூட்டரில் பாங்கு கணக்கு பார்ப்பது ஆபத்துதான். யார் இல்லை என்றது? ஆனால் திருத்தம்தான் தயாராக இருக்கிறதே! வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தருவதற்கு 30 டாலர் என்றார்கள். செட்டிங்குகளை கம்பெனியின் கணக்கில் சேமித்து வைத்தால் காசு வேண்டாம் என்றார்கள். நிறுவனங்களுக்கோ கம்ப்யூட்டர் ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர். மறு ஆண்டு இரட்டிப்பு.

ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்பு சண்டைக்கு நின்றது. 2025 செப்டம்பரில், அங்குள்ள வீட்டு கம்ப்யூட்டர்களுக்குக் காசும் வேண்டாம், சேமிக்கவும் வேண்டாம் என்று கம்பெனி இறங்கி வந்தது. சென்னைக்காரர் கொடுத்த பணம் மட்டும் செல்லாத பணமா? எத்தனை ஆண்டு திருத்தம் வரும், லைசென்ஸ் மாற்றத்தக்கதா என்பதை பில்லிலேயே அச்சடிக்கும்படி மத்திய அரசு உத்தரவிட வேண்டும்.

பெட்டியைக் காயலான் கடையில் போடுமுன் ஒன்று. சில கம்ப்யூட்டர்களில் டி.பி.எம். இருந்தும் 'ஆஃப்' ஆகிக் கிடக்கும். பயாசில் அதை 'ஆன்' செய்துவிட்டு, மைக்ரோசாப்டின் இலவச 'பி.சி. ஹெல்த் செக்' போட்டுப் பாருங்கள். 'தேறாது' என்று கடைக்காரர் சொன்னது அப்புறமும் நிஜமா என்று தெரிந்துவிடும்.