வலிக்குதுன்னு சொல்லுங்க பாஸ்!

ஒரு குட்டி டெஸ்ட். மூச்சை நல்லா இழுத்து, ஒரு தடவை இருமுங்க. ஈஸிதானே? எங்க பெரியப்பாவுக்கு நுரையீரல் ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள், அந்த ஒரு இருமல்தான் இமயமலை!

நர்ஸ் வந்து, "பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள வலி எவ்வளவுய்யா?"ன்னு கேட்டாங்க. "ரெண்டு"ன்னு கெத்தா சொன்னார். பிசியோதெரபிஸ்ட் "இருமுங்க"ன்னதும் கண்ணுல தண்ணி! "ஏன் பெரியப்பா பொய் சொன்னீங்க?"ன்னா, "அவங்களுக்கு எதுக்குடா தொந்தரவு?"ங்கிறார்.

விலா எலும்புகளுக்கு நடுவுல புகுந்துதான் நுரையீரலைத் தொடணும். ஒவ்வொரு விலா எலும்புக்கும் அடியில ஒரு நரம்பு ஓடுது. ஆபரேஷன்ல அது நசுங்கலாம். கை ஒடிஞ்சா கட்டுப்போட்டு அசையாம வெச்சுக்கலாம். நெஞ்சுக்கூட்டை அப்படி நிறுத்த முடியுமா?

பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டா என்னன்னு கேட்குறீங்களா? அங்கேதான் ஆபத்து. வலிக்குப் பயந்து மேலோட்டமா மூச்சுவிட்டா, நுரையீரலின் அடிப்பகுதி சரியா விரியாது. இருமலைன்னா சளி தேங்கும். நிமோனியா கூட வரலாம். மார்ஃபின் வலியைக் குறைக்கும். ஆனா, டோஸ் கூடினா மூச்சையும் குறைச்சிடும்.

அதுக்குத்தான் 'நர்வ் பிளாக்'. வீட்டு மெயினையே ஆஃப் பண்ணாம, ஒரு ரூம் ஃப்யூஸை மட்டும் பிடுங்குற டெக்னிக்! முதுகெலும்புக்குப் பக்கத்துல, நரம்பு வெளியே வர்ற இடத்துல, மரத்துப்போற மருந்தை ஊசியில ஏத்துறாங்க. நரம்புல இருக்கிற சோடியம் வாசல்களை மருந்து அடைச்சிடும். வலி சிக்னல் மூளைக்குப் போகாது. ஆளும் தெளிவா இருப்பார். இந்த 'பாராவெர்டிப்ரல் பிளாக்' 1905-லேயே ஜெர்மனியின் ஹியூகோ செல்ஹைம் ஆரம்பிச்சது. இப்போ அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தே ஊசியை இறக்குறாங்க. 2016-ல 'எரெக்டர் ஸ்பைனே பிளாக்'னு ஒரு புது தம்பியும் வந்தாச்சு. ஒரு ஊசி சில மணி நேரம் தாங்கும். மெல்லிய டியூப் வெச்சுட்டா, சில நாள் வரைக்கும் மருந்து போய்க்கிட்டே இருக்கும்.

பெரியப்பாவுக்கும் அந்த டியூப் இருந்தது. ஆனா, 'ரெண்டு'ன்னு சொன்னவருக்கு யார் டோஸைக் கூட்டுவாங்க? உண்மையைச் சொன்ன பிறகுதான் கூட்டினாங்க. சாயங்காலமே இருமினார். வார்டே திரும்பிப் பார்த்துச்சு!

கரன்ட்டுக்கு மீட்டர் இருக்கு, காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் இருக்கு. வலிக்கு? நோயாளியோட வாய்தான் மீட்டர். உங்க வீட்டுல யாராவது அப்படிப் படுத்திருந்தா, பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க... "நிஜமா சொல்லுங்க, எவ்வளவு?"