கூட்டெழுத்தும் ஆசிரியர் கடமையும்

தான் எழுதியதற்குத் தானே பொறுப்பேற்கக் கற்பதே எழுத்துக் கல்வியின் முதல் அறம். ஒருவர் தனித்து எழுதுங்கால் அப்பொறுப்பு யாருடையது என்னும் ஐயம் எழுவதில்லை. பலர் கூடி ஒரே பக்கத்தில் எழுதும்போதோ, அது உண்மையில் பகிரப்படுகிறதா, பகிரப்படுவதுபோல் தோன்றி ஒருவர் தோளிலேயே தங்கிவிடுகிறதா என்பதை ஆசிரியர் அறிந்தாக வேண்டும். இணையவழிக் கூட்டெழுத்து வகுப்பறைக்குள் வந்துவிட்ட இந்நாளில், இவ்வினாவை ஒதுக்கிவிட்டுக் கருவியின் புதுமையை மட்டும் வியந்துரைப்பது முறையாகாது.

படிக்க வந்தவரே திருத்தவும் செய்யலாம் என்னும் நெறியில் முதல் விக்கித் தளத்தை வார்டு கன்னிங்காம் 1995-இல் அமைத்தார். 2001-இல் தோன்றிய விக்கிப்பீடியாவும், 2003-இல் கிளைத்த தமிழ் விக்கிப்பீடியாவும் அந்நெறியின் வழிவந்தவை. இன்று பல பள்ளிகள் கையாளும் கூகுள் டாக்ஸும் அதற்கு நெருங்கிய உறவே. இவற்றுள் ஆசிரியருக்கு மெய்யாகப் பயன்தருவது ‘வரலாறு’ என்னும் பகுதி என்பது எம் துணிபு. எத்தொடரை யார் சேர்த்தார், எதனை யார் நீக்கினார், எந்நாளில், எப்பொழுதில் என்பவையெல்லாம் அங்கே பதிவாகி நிற்கின்றன. தாளில் எழுதிய குழுக் கட்டுரையின் தலைப்பில் நால்வர் பெயர் இருக்கும். இரவெல்லாம் கண்விழித்து அதை எழுதிய ஒருத்தியின் உழைப்பு அத்தாளில் எங்கும் தெரியாது. வரலாற்றைப் பாராமலே மதிப்பெண் இடும் ஆசிரியர், அந்த மாணவிக்கு இழைக்கப்பட்ட பழைய அநீதியைப் புதிய கருவியின் துணையோடு தொடர்கிறார்.

இவ்வகையில் நாம் மறக்கலாகாத முன்நிகழ்வு ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முந்தைய ஆண்டு தொடங்கிய முயற்சியைப் பின்பற்றி, 2011-இல் புணே நகரக் கல்லூரிகள் சிலவற்றின் மாணவரை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதவைக்க விக்கிமீடியா அறக்கட்டளை முற்பட்டது. நூற்றுக்கணக்கான மாணவர் எழுதினர். அவர்கள் இட்ட பகுதிகளுள் பல, நூல்களிலிருந்தும் வலைத்தளங்களிலிருந்தும் சொல் மாறாமல் எடுக்கப்பட்டவை என்பது விரைவிலேயே வெளிப்பட்டது. அவற்றைத் தேடிக் கண்டு நீக்கும் சுமை, ஊதியமேதுமின்றித் தொண்டாற்றும் தொகுப்பாளர்மேல் விழுந்தது. எச்சரிக்கைகள் பயன்தராமற் போகவே, அவ்வாண்டு முடியுமுன் அம்முயற்சி கைவிடப்பட்டது.

அம்மாணவரைப் பழிப்பது எளிது. நாம் அதைச் செய்ய மாட்டோம். பாடநூலின் பத்தியை எழுத்துப் பிசகாமல் விடைத்தாளில் இறக்கிவைப்போருக்கே முழு மதிப்பெண் என்று பன்னீராண்டுக் காலம் பழக்கிவிட்டு, கல்லூரி வாயிலைக் கடந்ததும் சொந்தச் சொல்லில் எழுது என்று ஒரே நாளில் பணிப்பது எவ்வாறு நியாயமாகும்? விக்கிப்பீடியாவில் எழுதுவோர், தம் எழுத்தை யாவரும் எடுத்தாளும் பொதுவுடைமையாக ஒப்படைக்கின்றனர். பிறர் நிலத்தைத் தானமாக எழுதிக்கொடுக்க எவருக்கும் உரிமை இல்லாததுபோல, பிறர் எழுத்தை அப்பொதுவில் சேர்க்கவும் உரிமை இல்லை. இவ்வளவையும் முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டியவர்கள் ஆசிரியர்கள். அவர்களுள்ளும் பலர் விக்கியில் ஒரு வரியேனும் எழுதிப் பழகாதவர்களாயின், எதைக் கொண்டு வழிகாட்டுவர்?

ஆகவே, மாணவரை எழுதப் பணிக்குமுன் ஆசிரியர் தாமே ஒரு கட்டுரையேனும் எழுதி, அறிமுகமற்றோர் கையால் திருத்தப்படும் அனுபவத்தைப் பெற்றிருத்தல் வேண்டும். மாணவரின் முதல் முயற்சிகள் ‘மணல்தொட்டி’ எனப்படும் பயிற்சிப் பக்கத்திலேயே நிகழட்டும். சிறுவர் தம் உண்மைப் பெயரையோ பள்ளியின் பெயரையோ பயனர் பெயராக இடாதிருப்பதைப் பெற்றோர் கேட்குமுன்பே பள்ளி உறுதிசெய்ய வேண்டும். பொதுவெளியில் ஒருமுறை பதிந்த பெயரைப் பின்னர் முற்றாக அழிப்பது அரிது.

இவையனைத்தும் ஆசிரியரின் காலத்தைக் கோருவன. நாற்பது மாணவரைப் பத்துக் குழுக்களாகப் பிரித்த ஓர் ஆசிரியர், ஒவ்வொரு குழுவின் வரலாற்றையும் வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் படிப்பதாயின், அதற்கே ஐந்து மணி நேரம் செல்லும். கணினிகளுக்குப் பொருள் ஒதுக்கும் கல்வித் துறைகளும் பள்ளி நிர்வாகங்களும், அந்த ஐந்து மணி நேரத்தைக் கால அட்டவணையில் எங்கே வைத்திருக்கின்றன என்று விடையிறுக்கக் கடமைப்பட்டவை.